தீயணைப்பாளர் பணிக்கு விண்ணப்பிக்கும் முன்: வேலை, தேர்வு, பயிற்சி, ஊதியம்

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் பொதுத் தேர்வுக்கு விண்ணப்பிப்பவர்கள் இரண்டாம் நிலைக் காவலர், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர், தீயணைப்பாளர் என்னும் மூன்று பதவிகளுக்கும் ஒரே விண்ணப்பத்தைத்தான் நிரப்புகிறார்கள். எந்தப் பதவி முதலில் வேண்டும் என்ற விருப்ப வரிசையையும் அதிலேயே தருகிறார்கள். பலர் காவலர் பணியை முதலில் குறித்துவிட்டு, மற்ற இரண்டையும் யோசிக்காமலேயே நிரப்பிவிடுவதைக் காணலாம். பிறகு மதிப்பெண் குறைந்து தீயணைப்புத் துறை கிடைத்தவுடன், தாம் சேரப்போகும் வேலை எத்தகையது என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த விசாரணையை விண்ணப்பத்துக்கு முன்பே செய்துகொள்ள விரும்புவோருக்காக இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் வரும் தேர்வு விவரங்கள் அண்மைக் கால அறிவிக்கைகளை ஒட்டியவை. ஒவ்வோர் ஆண்டும் வெளிவரும் அறிவிக்கையே இறுதியானது என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிக்கையை முழுவதுமாகப் படித்துவிடுவது முதல் கடமை.

முதற்படி: வேலை எதுவென்று அறிதல்

துறையின் முழுப்பெயர் தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. இப்பெயரில் உள்ள ‘மீட்பு’ என்னும் சொல்லைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. நிலையத்துக்கு வரும் அழைப்புகளில் வீட்டுக்குள் நுழைந்த பாம்பு, மரத்தில் கூடு கட்டிய கதண்டு, கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்த பசு, ஆற்றிலும் குளத்திலும் மூழ்கியவர்கள், நெடுஞ்சாலையில் நசுங்கிய வாகனத்துக்குள் சிக்கியவர்கள், புயலில் சாலையின் குறுக்கே சாய்ந்த மரங்கள் ஆகியவை பெரும் பங்கு வகிக்கின்றன. வெள்ளக் காலத்தில் ரப்பர் படகில் முதியவர்களை ஏற்றி வருவதும், ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த குழந்தையை மீட்க இரவு பகலாகப் போராடுவதும் இதே துறையின் வேலைதான். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் நடந்த மீட்பு முயற்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்கு, பல நாள் உழைப்பும் பலன் தராமல் போகக்கூடிய பணி இது என்பது நினைவிருக்கும்.

தீ அழைப்புகளும் ஒரே வகையாக இருப்பதில்லை. கோடையில் குடிசைகளும் வைக்கோல் போர்களும் எரிகின்றன. தீபாவளி இரவில் நகர நிலையங்களுக்கு ஓய்வே இருப்பதில்லை. விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்துகள் இன்றும் தொடர்கின்றன. சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் போன்ற குப்பைக் கிடங்குகளில் தீப்பிடித்தால், மேலே அணைந்ததுபோலத் தெரிந்தாலும் உள்ளே கனன்றுகொண்டே இருப்பதால், நாள்கணக்கில் தண்ணீர் அடித்துக் குப்பையைக் கிளறிவிட வேண்டியிருக்கும். 2017 மே 31 அன்று சென்னை தியாகராய நகரில் ஏழு மாடி ஜவுளிக் கடையில் பற்றிய தீயும் அப்படித்தான் ஒரு நாளைத் தாண்டி நீடித்தது. கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபின் எஞ்சியதையும் இடிக்க நேர்ந்தது.

அழைப்பு இல்லாத நேரத்திலும் நிலையம் சும்மா இருப்பதில்லை. காலையில் அணிவகுப்பும் டிரில்லும் நடக்கும். நீர்தாங்கி வண்டியின் பம்பை இயக்கிப் பார்ப்பது, ஹோஸ்களைக் கழுவி உலர்த்திச் சுருட்டி வைப்பது, ஏணிகளையும் கயிறுகளையும் சோதிப்பது, மூச்சுக்கருவி உருளைகளில் காற்றழுத்தம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது ஆகியவை அன்றாடக் கடமைகள். பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் ஒத்திகை நடத்துவதும் உண்டு. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளித் தீ விபத்தில் 94 குழந்தைகள் இறந்த பிறகு, பள்ளிக் கட்டடங்களின் தீப்பாதுகாப்பை யாரும் அலட்சியமாகப் பேச முடியாமற்போனது. 101 அல்லது 112 என்ற எண்ணுக்கு அழைப்பு வந்து மணி ஒலித்துவிட்டால், சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு வண்டியில் ஏற வேண்டும். பண்டிகை நாள்களில் விடுப்புக் கிடைப்பது அரிது. இதை உங்கள் வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாம் படி: தகுதியைச் சரிபார்த்தல்

கல்வித் தகுதி பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. வயது பொதுப் பிரிவினருக்கு 18 முதல் 26 வரை; பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் ஆகியோருக்கு 28 வரையும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 31 வரையும் உயர்கிறது. ஆண்களுக்கான உயரம் குறைந்தது 170 செ.மீ.; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 167 செ.மீ. மார்பளவு சாதாரண நிலையில் 81 செ.மீ. இருக்க வேண்டும், மூச்சை இழுத்து விரிக்கும்போது மேலும் 5 செ.மீ. கூட வேண்டும். உயரத்தை வீட்டுச் சுவரில் அளந்துவிட்டு நம்பியிருக்க வேண்டாம். காலணி இல்லாமல், சரியான அளவுகோலில், காலை மாலை இரு வேளையும் அளந்து பார்ப்பவர்களுக்குத் தேர்வு மைதானத்தில் அதிர்ச்சி நேராது.

2023-ஆம் ஆண்டு அறிவிக்கையில் மொத்தம் 3,359 இடங்களில் தீயணைப்பாளருக்கு 674 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 2025-இல் அவ்வெண்ணிக்கை 631. எனவே ‘தீயணைப்புத் துறைக்கு ஆள் எடுப்பதே இல்லை’ என்று ஊரில் சொல்லப்படுவதை நம்ப வேண்டியதில்லை. தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடும், விளையாட்டு வீரர்களுக்கு 10 விழுக்காடும், முன்னாள் ராணுவத்தினருக்கு 5 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. தமிழ்வழி ஒதுக்கீட்டைக் கோருபவர்கள் ஒன்றாம் வகுப்பு முதல் தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைப் பள்ளியிலிருந்து உரிய படிவத்தில் பெற்றிருக்க வேண்டும். அறிவிக்கை வந்தபின் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளிக்கு ஓடுவதைவிட, இப்போதே போய் வாங்கி வைத்துக்கொள்வது எளிது.

பெண்களுக்கு ஒரு சொல். 2023 அறிவிக்கையில் தீயணைப்பாளர் இடங்கள் ஆண்களுக்கு மட்டுமே இருந்தன. ஆனால் துறையின் கதவு பெண்களுக்கு அடைக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டாம். நிலைய அலுவலர் தேர்வு, தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 (குரூப் 1) தேர்வு ஆகிய இரு வழிகளிலும் அவர்கள் வரலாம். பிரியா ரவிச்சந்திரன், மீனாட்சி விஜயகுமார் ஆகிய இருவரும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொகுதி 1 வழியாக இத்துறையின் அதிகாரிகளாகச் சேர்ந்து, அலுவலகத்தில் அமர்ந்துவிடாமல் களத்தில் நின்றவர்கள்.

மூன்றாம் படி: எழுத்துத் தேர்வு

தேர்வு இரு பகுதிகளாக நடக்கிறது. முதற்பகுதி தமிழ் மொழித் தகுதித் தேர்வு: 80 கேள்விகள், 80 மதிப்பெண், 80 நிமிடம். இதில் 40 விழுக்காடு, அதாவது 32 மதிப்பெண் எடுத்தால் போதும். ஆனால் அதை எடுக்காதவரின் முதன்மை விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இரண்டாம் பகுதியாகிய முதன்மைத் தேர்வில் 70 கேள்விகளுக்கு 70 மதிப்பெண். அதில் பொது அறிவுக்கு 45, உளவியலுக்கு 25. உளவியல் என்ற பெயரைக் கண்டு அஞ்ச வேண்டாம். தருக்கம், எண்திறன், தகவல் தொடர்பு, மனத்திறன் சார்ந்த கேள்விகளே அதில் வருகின்றன. பொது அறிவுக்குப் பத்தாம் வகுப்பு வரையுள்ள பள்ளிப் பாடநூல்களை, குறிப்பாக அறிவியலையும் சமூக அறிவியலையும், வரிக்கு வரி படித்தவர்களே நல்ல மதிப்பெண் பெறுகிறார்கள். பயிற்சி மையத்தில் தரும் தடித்த கையேடுகள் பெரும்பாலும் அதே பாடநூல்களைச் சுருக்கியவை.

முதன்மைத் தேர்வின் 70 மதிப்பெண்ணோடு உடல்திறன் போட்டிகளுக்கு 24 மதிப்பெண்ணும், தேசிய மாணவர் படை, நாட்டு நலப்பணித் திட்டம், விளையாட்டு ஆகியவற்றுக்கான சான்றிதழ்களுக்கு மொத்தம் 6 சிறப்பு மதிப்பெண்ணும் சேர்ந்து நூறாகிறது. கல்லூரியில் இருப்பவர்கள் தேசிய மாணவர் படையிலோ நாட்டு நலப்பணித் திட்டத்திலோ சேர்ந்திருந்தால் அந்தச் சான்றிதழைத் தொலைத்துவிடாதீர்கள். இரண்டு மதிப்பெண் வித்தியாசத்தில் நூற்றுக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் தேர்வு இது.

நான்காம் படி: உடல்திறன்

முதலில் உடல் அளவு பார்க்கப்படும். அடுத்து ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடங்களுக்குள் ஓட வேண்டும். இது தகுதிக்கான ஓட்டம் மட்டுமே, மதிப்பெண் கிடையாது. மதிப்பெண் தருவது அடுத்து வரும் மூன்று போட்டிகள்; அவற்றில் பெறும் நட்சத்திரங்களைக் கொண்டே மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. கயிறு ஏறுதலில் 5 மீட்டர் ஏறினால் ஒரு நட்சத்திரம், 6 மீட்டர் ஏறினால் இரண்டு நட்சத்திரம். நீளம் தாண்டுதலைத் தேர்ந்தெடுப்பவர் 3.80 மீட்டருக்கு ஒன்றும் 4.50 மீட்டருக்கு இரண்டும் பெறுவார். அதற்குப் பதிலாக உயரம் தாண்டுதலை எடுப்பவருக்கு 1.20 மீட்டர், 1.40 மீட்டர் என்பன அளவுகள். ஓட்டத்தில் 100 மீட்டரை 15 வினாடியிலும் 13.5 வினாடியிலும், அல்லது 400 மீட்டரை 80 வினாடியிலும் 70 வினாடியிலும் முடிப்பதைப் பொறுத்து நட்சத்திரம் கிடைக்கிறது.

ஓட்டத்துக்கு மாதக்கணக்கில் உழைப்பவர்கள் கயிற்றைக் கடைசி வாரத்தில்தான் தொடுகிறார்கள். கயிறு ஏறக் கை வலிமை மட்டும் இருந்தால் போதாது. பாதங்களுக்கு இடையே கயிற்றைப் பூட்டிக்கொண்டு, காலால் உந்தி, கையால் பிடித்து மேலேறும் முறையைக் கற்றுக்கொண்டவர் பாதி வலிமையில் முழு உயரத்தையும் எட்டிவிடுவார். உள்ளங்கை காய்த்துப்போக இரண்டு மாதமாவது வேண்டும். தீயணைப்பாளராக விரும்புபவர் இதோடு நீச்சலையும் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தேர்வில் நீச்சலுக்கு மதிப்பெண் இல்லை. ஆனால் கிணறும் ஏரியும் கண்மாயும் நிறைந்த மாநிலத்தில், பணியில் சேர்ந்த முதல் மாதத்திலேயே அதன் தேவை வந்துவிடும்.

இவற்றுக்குப் பின் சான்றிதழ் சரிபார்ப்பு, மருத்துவப் பரிசோதனை, காவல்துறை வழியான பின்புல விசாரணை ஆகியவை நடக்கும். உங்கள் மீது ஏதேனும் வழக்கு இருந்து முடிந்திருந்தாலும் விண்ணப்பத்தில் அதை மறைக்காதீர்கள். வழக்கைவிட மறைத்தல் பெரிய குற்றமாகக் கருதப்பட்டுப் பணி மறுக்கப்பட்டவர்கள் உண்டு.

ஐந்தாம் படி: பயிற்சியில் கற்பவை

துறையின் மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்து மண்டலங்களிலும் பயிற்சி நடத்தப்படும். அணிவகுப்பும் உடற்பயிற்சியும் ஒரு பங்கு என்றால், கருவிகளோடு பழகுவது மறு பங்கு. முதல் வாரத்திலேயே ஹோஸைப் பிடிக்கச் சொல்வார்கள். வெறுமையாக இருக்கும்போது துணிப்பட்டைபோல மடங்கிக் கிடக்கும் அந்த 63 மில்லிமீட்டர் ஹோஸ், பம்பிலிருந்து நீர் ஏறியதும் விறைத்துக்கொண்டு பின்னோக்கித் தள்ளும். முனையிலுள்ள பிராஞ்சை ஒருவர் பிடிக்க, அவருக்குப் பின்னால் இன்னொருவர் தாங்கி நிற்பது அதனால்தான். பிடி நழுவினால் உலோக முனை சுழன்றடித்து எலும்பை முறித்துவிடும்.

தண்ணீரை எங்கே அடிக்கக் கூடாது என்பதும் பாடத்தில் அடங்கும். எரியும் எண்ணெயின்மீது தண்ணீரைக் கொட்டினால், எண்ணெயைவிடக் கனமான நீர் அடியில் சென்று, நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயை நாற்புறமும் வீசியடிக்கும். நீர் ஆவியாகும்போது ஏறத்தாழ 1,700 மடங்கு விரிவடைகிறது என்ற ஒரே எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால் இதன் காரணம் விளங்கிவிடும். அடைத்த அறைக்குள் அளவின்றித் தண்ணீர் அடிப்பவர் தம்மையே நீராவியில் வேகவைத்துக்கொள்வதும் இதே காரணத்தால்தான். எண்ணெய்த் தீக்கு நுரை, மின்கருவித் தீக்குக் கரியமில வாயு, பல வகைக்கும் உலர் பொடி என்று தீயின் வகைக்கேற்பக் கருவி மாறுகிறது. மின்மாற்றி எரியும் இடத்தில், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்துகொள்ளும் வரை ஹோஸைத் திறக்கக் கூடாது.

பயிற்சியின் மிகக் கடினமான பகுதி மூச்சுக்கருவியோடு புகைக்குள் செல்வது. நிலையத்தில் பி.ஏ. செட் என்றே இதைச் சொல்வார்கள். முதுகில் ஏற்றும் உருளையில் 6.8 லிட்டர் கொள்ளளவில் 300 பார் அழுத்தத்துக்குக் காற்று அடைக்கப்பட்டிருந்தால், உள்ளே ஏறத்தாழ 2,040 லிட்டர் காற்று இருக்கிறது என்று பொருள். நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் மூச்சு வாங்கினால் அது 51 நிமிடம் வரும் என்று கணக்குச் சொல்லும். ஆனால் ஏணியில் ஏறி, ஆளைத் தூக்கிக்கொண்டு, பயத்தோடும் வெப்பத்தோடும் இயங்குபவர் அதை அரை மணி நேரத்தில் காலி செய்துவிடுவார். அழுத்தம் 50 பாருக்கு அருகே இறங்கியதும் விசில் ஒலிக்கும். அது கேட்டபின் இன்னும் இரண்டடி போய்ப் பார்க்கலாம் என்று நினைக்கக் கூடாது. புறப்படும் நேரம்கூட அது இல்லை, அதற்குள் வெளியே வந்துகொண்டிருக்க வேண்டும். உள்ளே போக எவ்வளவு காற்றுச் செலவானதோ அதைவிடக் கூடுதலாகத் திரும்பி வரத் தேவைப்படும் என்று கணக்கிட்டு, அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே நகர்பவர்தான் பயிற்சி பெற்றவர்.

வேண்டிய குணங்கள்

நேர்காணல்களிலும் பாராட்டு விழாக்களிலும் தீயணைப்பாளரின் துணிச்சலைத்தான் எல்லோரும் புகழ்கிறார்கள். துணிச்சல் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் புதியவரிடம் முதலில் தேட வேண்டியது, கட்டளை வரும்வரை நிற்கத் தெரிந்த பொறுமை என்று நான் கருதுகிறேன். இதற்குக் காரணத்தைக் கிணறுகளும் கழிவுநீர்த் தொட்டிகளும் காட்டுகின்றன. நீண்ட நாள் மூடிக் கிடந்த கிணற்றிலோ தொட்டியிலோ ஒருவர் இறங்கி மயங்கி விழுகிறார். அவரைக் காப்பாற்ற அண்ணனோ தம்பியோ குதிக்கிறார். அவரும் விழ, மூன்றாமவர் இறங்குகிறார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இப்படி இறந்த செய்தியை நாளிதழில் படிக்காதவர் இருக்க முடியாது. அங்கே அன்புக்கும் துணிச்சலுக்கும் குறைவே இல்லை. இல்லாமற்போனது காற்று மட்டும்தான். கழிவுநீர்த் தொட்டியில் ஊறும் ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். செறிவு கூடியதும் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடுவதால், நாற்றம் போய்விட்டது, இனி இறங்கலாம் என்று தோன்றும் நேரமே மிகக் கொடிய நேரமாகிறது. கிணற்றுக்குள் விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயுக் குறைவைக் காட்டும் என்றாலும், மீத்தேன் சேர்ந்திருந்தால் அந்த விளக்கே வெடிப்புக்குக் காரணமாகிவிடும். தீயணைப்பாளர் அங்கே வந்ததும் ஊரே கூடி நின்று ‘இறங்குங்கள், இறங்குங்கள்’ என்று கத்தும். தாய் காலில் விழுவார். அந்த நிலையிலும் வாயுவை அளந்து, மூச்சுக்கருவியை மாட்டி, உயிர்க்கயிற்றைக் கட்டி, மேலே ஒருவர் பிடித்திருக்கிறார் என்பதை உறுதி செய்த பிறகே இறங்குபவர் இரண்டு உயிரைக் காக்கிறார்.

கட்டடங்களையும் படிக்கத் தெரிய வேண்டும். 2012 ஜனவரியில் சென்னை எழிலக வளாகத்தில் உள்ள பழைமையான கலச மகால் எரிந்தபோது, உள்ளே சென்றவர்கள்மீது கட்டடத்தின் பகுதி இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், பிரியா ரவிச்சந்திரன் உள்ளிட்டோர் பலத்த காயமடைந்தார்கள். 2020 தீபாவளி இரவில் மதுரையின் பழைய கடைவீதியில் ஜவுளிக் கடைத் தீயை அணைத்துக்கொண்டிருந்த இருவர், சுவர் இடிந்து விழுந்ததில் இறந்தார்கள். சுண்ணாம்பும் மரச் சட்டமும் கொண்டு எழுப்பிய பழைய கட்டடங்களில், மரம் கரிந்ததும் தாங்குதல் போய்விடுகிறது. ஊற்றிய தண்ணீரின் எடையும் தளத்தின்மீது கூடிக்கொண்டே போகிறது. சுவரில் புதிதாகத் தெரியும் விரிசல், கதவுச் சட்டம் கோணுவது, காரை உதிர்வது ஆகிய அறிகுறிகளைக் கண்ணில் படும்போதே சத்தமாகச் சொல்லும் பழக்கம் ஒவ்வொருவருக்கும் வேண்டும். மூத்தவர் கோபிப்பாரோ என்று வாயை மூடிக்கொள்ளும் இளைஞர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரியாதையைத் தவறாகப் புரிந்துகொண்டவர்.

2017 ஜூலையில் கொடுங்கையூரில் ஒரு பேக்கரியில் பற்றிய தீயின்போது எரிவாயு உருளை வெடித்துத் தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தவர்களும் ஏராளமாகக் காயமடைந்தார்கள். கூட்டத்தைத் தூர நிறுத்துவதும் தீயணைப்பு வேலைதான் என்பதற்கு அந்த இரவைவிட வேறு சான்று வேண்டியதில்லை. கைபேசியில் படம் எடுப்பவரிடம் கைகலப்புக்குப் போகாமல், குரலாலும் உடல்மொழியாலும் அவரைப் பின்னுக்கு நகர்த்தத் தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் ஏப்ரல் 14 அன்று எல்லா நிலையங்களிலும் தீத்தொண்டு நாள் அனுசரிக்கப்படுகிறது. 1944-இல் அதே நாளில் பம்பாய்த் துறைமுகத்தில் பருத்தியையும் வெடிமருந்தையும் ஒன்றாக ஏற்றியிருந்த ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தபோது உயிரிழந்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவு நாள் அது. எரியும் பொருளுக்கு அருகே என்ன இருக்கிறது என்பதைக் கேட்டறிவது எவ்வளவு முக்கியம் என்பதை அன்றைய அணிவகுப்பு சொல்லித் தருகிறது.

இவை தவிர, உறங்கும் நேரம் குலைவதைத் தாங்கும் உடலும், கருகிய உடலைக் கண்ட அன்று இரவும் உண்ண முடிகிற மனமும் வேண்டும் என்று சொல்வார்கள். பின்னது யாருக்கும் எளிதில் வருவதில்லை. வராதபோது நிலையத்தில் உள்ள மூத்தவரிடமோ மருத்துவரிடமோ பேசுவதுதான் சரி. மதுவில் மறக்க முயன்று வேலையையும் இழந்தவர்களின் கதை எல்லாச் சீருடைப் பணிகளிலும் உண்டு.

ஊதியம்

தீயணைப்பாளரின் ஊதிய விகிதம் ரூ.18,200 – 67,100. இதில் முதல் எண் தொடக்க அடிப்படை ஊதியம். இரண்டாவது, பல ஆண்டுப் பணிக்குப் பின் அந்த விகிதத்தில் எட்டக்கூடிய உச்சம். கையில் வருவது இதைவிட அதிகம். 2025 ஜனவரி 1 முதல் தமிழ்நாடு அரசு வழங்கிய அகவிலைப்படி 55 விழுக்காடு. அந்தக் கணக்கில் 18,200 ரூபாய்க்கு 10,010 ரூபாய் சேர்ந்து 28,210 ரூபாய் ஆகிறது. இதற்கு மேல் ஊரைப் பொறுத்து வீட்டுவாடகைப்படி, மருத்துவப்படி, துறை சார்ந்த பிற படிகள் வரும். ஓய்வூதியப் பங்களிப்பும் காப்பீட்டுத் தொகையும் பிடித்தம் செய்யப்படும். அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை மாறக்கூடியது என்பதால் இந்தக் கணக்கை அந்தந்தக் காலத்து விழுக்காட்டைக் கொண்டு நீங்களே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம். ஆண்டுதோறும் அடிப்படை ஊதியத்தில் 3 விழுக்காடு உயர்வு உண்டு. துறைக் குடியிருப்புக் கிடைத்தால் வாடகைப்படி கிடைக்காது; ஆனால் சென்னை போன்ற நகரில் நிலையத்துக்கு அருகே வீடு அமைவது எந்தப் படியையும்விட மேலானது.

2003 ஏப்ரல் 1-க்குப் பின் சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத் திட்டத்துக்குள் வராமல் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் கொண்டுவரப்பட்டார்கள். ஓய்வூதிய விதிகள் அண்மைக் காலமாக விவாதத்திலும் மாற்றத்திலும் இருப்பதால், சேரும்போது நடைமுறையில் உள்ள அரசாணையைப் படியுங்கள். ஓய்வு வயது 60.

ஆபத்தோடு ஒப்பிட்டால் இந்தத் தொடக்க ஊதியம் குறைவுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரே தேர்வு எழுதிய காவலருக்கும் இதே விகிதம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பணத்தை மட்டும் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. பார்க்க வேண்டியது எந்த வேலையின் அன்றாடம் உங்களுக்குப் பொருந்தும் என்பதையே. சட்டம் ஒழுங்குக் காவலருக்குப் பெரும்பாலும் மக்களோடு வழக்கும் வாதமும் இருக்கும். தீயணைப்பாளரை மக்கள் தாமே கூப்பிடுகிறார்கள், வழிவிடுகிறார்கள், தாமதமானால் மட்டும் ஏசுகிறார்கள்.

பதவி உயர்வும் வேறு வாசல்களும்

தீயணைப்பாளராகச் சேர்ந்தவர் முன்னணித் தீயணைப்பாளராகவும், பிறகு நிலைய அலுவலராகவும் உயரலாம். பட்டம் முடித்தவர்கள் நேரடியாக நிலைய அலுவலர் பதவிக்கே போட்டியிடலாம். இதன் ஊதிய விகிதம் ரூ.36,900 – 1,16,600. உதவி ஆய்வாளர் தேர்வோடு சேர்த்து இதை அறிவிக்கும் வழக்கம் இருப்பதால், அந்த அறிவிக்கையைத் தீயணைப்பு ஆர்வலர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். நிலைய அலுவலரே தீ நடந்த இடத்தில் ஆட்களை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பவர். காப்பீடு, நீதிமன்றம் வரை செல்லும் தீ அறிக்கைக்கும் பொறுப்பானவர். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 தேர்வில் வென்றவர் மாவட்ட அலுவலராகச் சேர்கிறார். அதன் விகிதம் ரூ.56,100 – 2,05,700.

மாநிலத் துறையில் இடம் கிடைக்காதவர்களுக்கு இரண்டு வழிகளைக் குறிப்பிட வேண்டும். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையில் தீயணைப்புப் பிரிவுக் காவலர் பணிக்கு அறிவியல் பாடத்தோடு பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சியும் 18 முதல் 23 வரை வயதும் வேண்டும், 5 கிலோமீட்டரை 24 நிமிடங்களில் ஓட வேண்டும், விகிதம் ரூ.21,700 – 69,100. பணியிடம் இந்தியாவில் எங்கும் அமையலாம். இந்திய விமான நிலைய ஆணையத்தில் தீயணைப்புப் பிரிவு இளநிலை உதவியாளருக்கு ரூ.31,000 – 92,000 என்ற விகிதம் இருப்பதால் போட்டி கடுமையாக இருக்கிறது. அதற்குக் கல்வித் தகுதியோடு ஓட்டுநர் உரிமமும் கட்டாயம்: கனரக வாகன உரிமம், அல்லது குறைந்தது ஓராண்டுக்கு முன் பெற்ற நடுத்தர வாகன உரிமம், அல்லது குறைந்தது இரண்டாண்டுக்கு முன் பெற்ற இலகுரக வாகன உரிமம். ஆகவே 18 வயது முடிந்ததும் உரிமம் எடுத்துவிடுபவருக்கு இந்த வாசல் 20 வயதில் திறந்திருக்கும்.

தனியார் நிறுவனங்கள் ‘தீப்பாதுகாப்புப் பட்டயம்’ என்று சொல்லிப் பெரும் கட்டணம் வாங்குவதைப் பார்க்கலாம். அந்தச் சான்றிதழ் தொழிற்சாலைகளிலும் வளைகுடா நாடுகளின் ஒப்பந்த வேலைகளிலும் உதவக்கூடும். தமிழ்நாடு அரசின் தீயணைப்பாளர் தேர்வுக்கு அது தேவையும் இல்லை, அதற்கெனத் தனி மதிப்பெண்ணும் இல்லை. தீப்பொறியியலை முறையாகக் கற்க விரும்புபவர்கள், உள்துறை அமைச்சகத்தின்கீழ் நாக்பூரில் இயங்கும் தேசியத் தீயணைப்புப் பணிகள் கல்லூரியின் படிப்புகளை முதலில் விசாரிக்கட்டும்.